வாய்ப்புற்று நோயாளியை வீட்டில் கவனிப்பது எப்படி: வாய், வலி, சாப்பாடு, புண்

வாய், நாக்கு, கன்னம், தொண்டை ஆகிய இடங்களில் வரும் புற்றுநோய்க்கு ‘கரண்ட்’ வைப்பது, அதாவது கதிர்வீச்சு சிகிச்சை, பெரும்பாலும் வாரம் 5 நாளாக ஆறேழு வாரம் நடக்கும். மொத்தம் 30 முதல் 35 தடவை. ஒவ்வொரு தடவையும் மெஷினுக்கு அடியில் படுத்திருப்பது பத்துப் பதினைந்து நிமிடம். மிச்சப் பொழுதெல்லாம் வீட்டில்தான் கழிகிறது. வாய் வெந்துபோவது, எச்சில் விழுங்க முடியாமல் தவிப்பது, ராத்திரி வலி, மலச்சிக்கல், எடை குறைவது எல்லாம் வீட்டில்தான் நடக்கின்றன.

இவற்றை ‘வைத்தியம்னா அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கணும்’ என்று விட்டுவிடக் கூடாது. பொறுக்க முடியாமல் நான்காவது வாரம் நோயாளி கரண்ட் வைத்துக்கொள்ளப் போகாமல் நின்றுவிட்டால், அந்த இடைவெளியில் கட்டியின் செல்கள் மறுபடி பெருகும். விட்ட நாளைக் கடைசியில் சேர்த்துக் கொடுத்தாலும் இழந்தது முழுதாகத் திரும்பாது. வலியைக் குறைத்து, வாயைச் சுத்தமாக வைத்து, எடையைக் காப்பாற்றினால் நோயாளிக்கு நிம்மதி. சிகிச்சை தடைபடாமல் முடிவதும் அதை வைத்துத்தான் இருக்கிறது.

முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள். தினமும் ஒரு பக்கம். மருந்து கொடுத்த மணி, வலிக்கு 0 முதல் 10 வரை நோயாளி சொல்லும் எண், உள்ளே போன சாப்பாடும் தண்ணீரும் எத்தனை மி.லி., மலம் போனாரா, காய்ச்சல் எவ்வளவு. வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், காலையில் எடை. டாக்டரிடம் ‘வலி ரொம்ப இருக்குங்க’ என்று சொல்வதைவிட ‘ராத்திரி 2 மணிக்கு வலி 8, அதனால தூங்கல’ என்று காட்டினால் மருந்தை அன்றைக்கே மாற்றி எழுத முடியும்.

தொடங்கும் முன்பே செய்ய வேண்டியவை

பல் டாக்டரைப் பார்க்காமல் கழுத்திலோ வாயிலோ கரண்ட் வைக்கத் தொடங்காதீர்கள். சொத்தைப் பல்லையும் ஆடும் பல்லையும் பிடுங்குவதாக இருந்தால் முன்பே பிடுங்கி, ஈறு ஆற ஏறக்குறைய இரண்டு வாரம் விட வேண்டும். கதிர்வீச்சு பட்ட தாடை எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைந்துவிடும். பிறகு எத்தனை வருஷம் கழித்துப் பல் பிடுங்கினாலும் அந்த இடம் ஆறாமல் எலும்பே அழுகும் ஆபத்து உண்டு. எனவே சிகிச்சை முடிந்து பல ஆண்டுகள் ஆன பிறகும், எந்தப் பல் டாக்டரிடம் போனாலும் ‘எனக்கு இங்கே கரண்ட் வெச்சிருக்காங்க’ என்பதை முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும்.

புகையிலை, பான், பீடி, சிகரெட், குடி எல்லாவற்றையும் நிறுத்தியாக வேண்டும். சிகிச்சை நடக்கும்போது புகைபிடித்தால் கதிர்வீச்சின் பலன் குறையும், வாய்ப்புண்ணும் கடுமையாகும். பல வருஷம் அடக்கிவைத்த புகையிலையை ஒரே நாளில் விடுவது லேசானதல்ல. திட்டிப் பயனில்லை. நிக்கோடின் ஒட்டுப் பட்டையோ மாத்திரையோ கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

வாய் கழுவும் தண்ணீர்

வாயின் உள்தோல் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் சிவந்து உரியத் தொடங்கும். கடைசி வாரங்களில் உச்சத்துக்குப் போகும். சிகிச்சை முடிந்த பிறகும் ஆற இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். முடிந்த மறுநாளே சரியாகிவிடும் என்று எதிர்பார்த்து ஏமாறாதீர்கள். முடிந்த பிறகு வரும் முதல் பத்து நாள்தான் பலருக்கு மிகக் கஷ்டமானது.

ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலைதட்டிய ஒரு தேக்கரண்டி உப்பு, தலைதட்டிய ஒரு தேக்கரண்டி ஆப்ப சோடா. ஆப்ப சோடாதான், கேக்குக்குப் போடும் பேக்கிங் பவுடர் அல்ல. அதில் புளிப்புப் பொருள் கலந்திருக்கும், வெந்த வாயில் எரியும். தினமும் காலையில் புதிதாகக் கலந்து மூடி வையுங்கள், ராத்திரி மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். புண் இல்லாதபோது நாளுக்கு ஆறு தடவை, புண் வந்த பிறகு விழித்திருக்கும்போது இரண்டு மணிக்கு ஒரு தடவை. ஒரு வாய் எடுத்து அரை நிமிடம் மெதுவாகச் சுழற்றித் துப்ப வேண்டும். கொப்பளிக்கத் தெம்பு இல்லாதவரை உட்காரவைத்து, தலையை முன்பக்கம் குனியச் சொல்லி, ஊசி இல்லாத 20 மி.லி. சிரிஞ்சால் கன்னத்தோரமாக விடுங்கள். தலையை அண்ணாந்து வைத்தால் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குப் போகும்.

பல் துலக்கக் குழந்தைகளுக்கான மிருதுவான பிரஷ் போதும். துலக்குமுன் வெந்நீரில் ஒரு நிமிடம் நனைத்தால் இன்னும் இளகும். அதுவும் முடியாத நாளில் சுத்தமான காஸ் துணியை விரலில் சுற்றி, சோடா உப்புத் தண்ணீரில் நனைத்துத் துடையுங்கள். கரி, உப்புப் பொடி, கிராம்பு எண்ணெய், சாராயம் கலந்த மவுத்வாஷ், டெட்டால் எதுவும் வேண்டாம். கிருமியைக் கொல்கிறேன் என்று இவற்றை ஊற்றினால் புதிதாக வளரும் தோலும் சேர்ந்து செத்துப்போகும்.

நாக்கில் தயிர் படிந்ததுபோல் வெள்ளைத் திட்டு தெரிந்து, துடைத்தால் அடியில் சிவந்திருந்தால் அது பூஞ்சை. கழுவுவதால் மட்டும் போகாது. டாக்டர் தரும் குளோட்ரிமசோல் சொட்டோ ஃபுளுகோனசோல் மாத்திரையோ வேண்டும். நேற்று வரை விழுங்கியவர் இன்று திடீரென்று விழுங்க முடியவில்லை என்றால் முதலில் டார்ச் அடித்து இதைத்தான் பார்க்க வேண்டும்.

எச்சில் கெட்டியாகி நூல்போல் இழுபடும். அதற்கும் சோடாத் தண்ணீர்தான் உதவும். பக்கத்திலேயே மூடியுள்ள துப்பும் டப்பா ஒன்றும், சிறிய தண்ணீர் பாட்டில் ஒன்றும் எப்போதும் இருக்கட்டும். எச்சில் சுரப்பது பலருக்கு முழுதாகத் திரும்புவதில்லை. அந்தப் பாட்டில் வாழ்நாள் துணையாகிவிடும்.

வலி: கடிகாரம் பார்த்துக் கொடுப்பது

வீடுகளில் அதிகம் தவறுவது இங்கேதான். வலி வந்த பிறகு மாத்திரை, வலி போனதும் நிறுத்தம், மறுபடி வலி வந்ததும் மாத்திரை. இப்படிக் கொடுத்தால் நோயாளி நாள் முழுதும் வலிக்கும் மருந்துக்கும் நடுவில் காத்துக் கிடப்பார். ஏறிப்போன வலியை இறக்குவதற்கு அதிக மருந்தும் தேவைப்படும். உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே சொல்லிவிட்ட முறை: வாய் வழியாக, நேரப்படி, வலியின் அளவுக்கேற்ற படியில்.

முதல் படி பாராசிட்டமால். 500 மி.கி. மாத்திரை இரண்டு வீதம் ஆறு மணிக்கு ஒரு தடவை கொடுத்தால் நாளுக்கு 4 கிராம் ஆகிறது. அதுதான் உச்ச வரம்பு. உடல் மெலிந்தவருக்கும் ஈரல் கோளாறு உள்ளவருக்கும் இன்னும் குறைவாகத்தான் கொடுக்க வேண்டும். டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபன் போன்ற வலி மாத்திரைகளைக் கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். கரண்டோடு சேர்த்துக் கொடுக்கும் சிஸ்பிளாட்டின் கீமோவே சிறுநீரகத்தைத் தாக்கும் மருந்து. இரண்டும் சேர்ந்தால் சிறுநீரகம் தாங்காது. நடுத்தர வலிக்கு டிரமடால் தருவார்கள், அதற்கும் நாளுக்கு 400 மி.கி. வரம்பு.

வாய் முழுவதும் வெந்த வலிக்கு மார்ஃபின்தான் சரியான மருந்து. இதன் பேரைக் கேட்டதும் ‘கடைசி மருந்து கொடுத்துட்டாங்க’ என்று வீடே அழத் தொடங்குகிறது. அப்படி இல்லை. குணமாகும் நோயாளிக்கும் மூன்றாவது வாரத்தில் மார்ஃபின் தொடங்கி, புண் ஆறியதும் படிப்படியாகக் குறைத்து நிறுத்துகிறார்கள். வலிக்காக டாக்டர் சொன்ன அளவில் எடுப்பவர் அதற்கு அடிமையாகிவிடுவது அரிது. இந்தியாவில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் மார்ஃபினை மிகவும் கெடுபிடியாக்கியிருந்தது. 2014-இல் சட்டத்தைத் திருத்தி, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிலையங்கள் எளிதாக வாங்கி வைத்துக்கொள்ள வழிசெய்தார்கள். ஆனாலும் தெருமுனை மெடிக்கலில் கிடைக்காது. உங்கள் ஆஸ்பத்திரியின் வலி நிவாரணப் பிரிவிலோ ஆதரவு சிகிச்சைப் பிரிவிலோதான் கேட்க வேண்டும்.

சாதாரண 10 மி.கி. மார்ஃபின் மாத்திரையின் வேலை சுமார் நாலு மணி நேரம். எத்தனை மாத்திரை என்பதை டாக்டர் சொல்வார். கொடுக்கும் முறை இப்படி இருக்கும்: காலை 6, 10, மதியம் 2, மாலை 6, ராத்திரி 10. ராத்திரி 10 மணிக்கு மட்டும் இரட்டை அளவு. அதனால் நடு இரவு 2 மணிக்கு எழுப்ப வேண்டியதில்லை, அவரும் தூங்குவார், நீங்களும் தூங்கலாம். இடையில் வலி பீறிட்டால் வழக்கமான ஒருவேளை அளவையே கூடுதலாக ஒருமுறை கொடுக்கச் சொல்வார்கள். அடுத்த வேளையை அதற்காகத் தள்ளிப்போடக் கூடாது. கூடுதல் மருந்து கொடுத்ததை நோட்டில் சிவப்பு மையில் எழுதுங்கள். ஒரே நாளில் மூன்றுக்கு மேல் சிவப்பு விழுந்தால் வழக்கமான அளவு போதவில்லை என்று பொருள். உடனே போன் செய்யுங்கள், அடுத்த செக்கப்புக்குக் காத்திருக்க வேண்டாம்.

12 மணி நேரம் வேலை செய்யும் எஸ்.ஆர். மாத்திரை என்றால் உடைக்கவும் கூடாது, பொடிக்கவும் கூடாது. பொடித்தால் 12 மணி நேரத்துக்கான மருந்து ஒரே நேரத்தில் இறங்கி மூச்சையே அடக்கிவிடும். சாப்பாட்டுக்கு மூக்குக் குழாய் போட்டவருக்கு எஸ்.ஆர். எழுதியிருந்தால் டாக்டரிடம் சொல்லி மாற்றி வாங்குங்கள்.

தொடங்கிய முதல் மூன்று நாலு நாள் தூக்கமாக இருக்கும், வாந்தி வரலாம். வாந்திக்கு முன்கூட்டியே மாத்திரை தருவார்கள். இரண்டும் தானாக அடங்கும். எழுப்பினாலும் எழாத மயக்கம், நிமிடத்துக்கு எட்டுக்கும் குறைந்த மூச்சு, ஊசிமுனைபோல் சுருங்கிய கண்மணி, இவை அளவு மிஞ்சியதன் அறிகுறி. அடுத்த வேளையைக் கொடுக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். சிறுநீர் குறைந்தவருக்கு மார்ஃபின் உடம்பில் தேங்கும் என்பதால் சிறுநீர் அளவிலும் கண் இருக்கட்டும். மாத்திரையைப் பூட்டி வையுங்கள், எண்ணி வையுங்கள், மிஞ்சியதைத் திருப்பிக் கொடுங்கள்.

மார்ஃபினுக்கு எல்லா வலியும் கட்டுப்படாது. சுரீரென்று மின்சாரம் பாய்வதுபோன்ற வலியும், தொட்டாலே எரியும் தோலும் நரம்பு வலி. அதற்கு ராத்திரியில் அமிட்ரிப்டிலின், இல்லையென்றால் காபாபென்டின் மாதிரி வேறு மருந்து. நாக்கிலும் தொண்டையிலும் புண் இருப்பவர் ‘காது குத்துது’ என்பார். காதில் ஒன்றும் இருக்காது. நாக்குக்கும் காதுக்கும் போகும் நரம்புகள் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதால் வலி அங்கே தெரிகிறது. காதுக்குச் சொட்டு விடுவது வீண், வாயின் வலியை அடக்கினால் காதும் அடங்கும்.

மார்ஃபின் தொடங்கும் நாளிலேயே மலமிளக்கியும் தொடங்க வேண்டும். தூக்கமும் வாந்தியும் போய்விடும், மலச்சிக்கல் மட்டும் போகாது. மருந்து இருக்கும் வரை அதுவும் இருக்கும். வழக்கமாக ராத்திரி பிசகோடில் 5 மி.கி. மாத்திரை இரண்டு. அதற்கு மேல் பூச்சு இருப்பதால் பொடிக்கக் கூடாது. குழாயில் கொடுப்பதானால் லாக்டுலோஸ் போன்ற சிரப் கேளுங்கள். இசப்கோல் உமி வேண்டாம். நிறையத் தண்ணீர் குடிக்க முடியாதவருக்கு அது குடலில் களிமண்போல் இறுகும். விழுங்கும்போது புரையேறுபவருக்கு லிக்விட் பாரஃபின் உள்ள மருந்து வாய் வழியாகக் கூடாது, எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். மூன்று நாள் மலம் போகாமல் இருந்து, நான்காம் நாள் தண்ணீராகக் கசிந்தால் அதைப் பேதி என்று நினைத்து நிறுத்தும் மாத்திரை கொடுத்துவிடாதீர்கள். உள்ளே இறுகியிருக்கும் மலத்தைச் சுற்றிக்கொண்டு நீர் மட்டும் வருகிறது. நர்ஸ் கையுறை போட்டுப் பார்த்து எனிமா கொடுக்க வேண்டிய நிலை அது.

சாப்பாடும் மூக்குக் குழாயும்

60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்குச் சுமார் 1,800 கலோரி, 70 முதல் 90 கிராம் புரதம் வேண்டும். ரசம் சாதமும் இளநீரும் இதில் பாதிக்குக்கூட வராது. ஒரு முட்டை 6 கிராம் புரதம், ஒரு டம்ளர் பால் 6 கிராம். வாயால் சாப்பிட முடிகிறவரை காரமும் புளியும் முறுகலும் இல்லாமல், குழைந்த பொங்கல், நெய் விட்ட பருப்பு சாதம், இட்லியைப் பாலிலோ மோரிலோ ஊறவைத்தது, முட்டை கலந்த கஸ்டர்ட், நன்றாக வேகவைத்து மசித்த மீன். சூடு ஆறி வெதுவெதுப்பாக இருக்கட்டும். மூன்று வேளையை ஆறு வேளையாக்குங்கள். வலி மாத்திரை கொடுத்து அரை மணி நேரம் கழித்துச் சாப்பிடவைத்தால் நாலு வாய் கூடுதலாக இறங்கும். ருசி மாறிப்போயிருக்கும். ‘மண்ணு மாதிரி இருக்கு’ என்பவரிடம் ‘உனக்காகத்தானே சமைச்சேன்’ என்று வருத்தப்படாதீர்கள். நாக்கின் ருசி மொட்டுகள் கதிர்வீச்சில் கருகியிருக்கின்றன, திரும்பிவரச் சில மாதம் ஆகும்.

‘சர்க்கரை சாப்பிட்டால் கட்டி வளரும்’, ‘முட்டை, பால் ஆகாது’, ‘பப்பாளி இலைச் சாறும் வேப்பங்கொழுந்தும் மட்டும் போதும்’ என்று உறவுக்காரர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். பட்டினியால்தான் உடம்பு உருகுகிறது, கட்டி உருகுவதில்லை. நாட்டு மருந்து எதையாவது கொடுக்க ஆசைப்பட்டால் அதை டாக்டரிடம் மறைக்காமல் காட்டுங்கள். சில, கீமோ மருந்தோடு மோதும்.

எடை குறைந்துகொண்டே போனால், அல்லது தண்ணீரே இறங்கவில்லை என்றால் மூக்குக் குழாய், அதாவது ரைல்ஸ் டியூப். இதைத் தோல்வியாக எண்ணிக் கடைசி வரை தள்ளிப்போடுகிறார்கள். நாற்பத்தைந்து கிலோவுக்கு இறங்கிய பிறகு போடுவதைவிட ஐம்பத்தைந்தில் போடுவது எவ்வளவோ மேல். வாயால் முடிந்ததையும் தொடர்ந்து விழுங்கவையுங்கள். விழுங்குவதை மாதக்கணக்கில் நிறுத்தினால் தொண்டைத் தசை மறந்துபோகும்.

குழாய்க்கான கஞ்சி ஒரு வேளைக்கு: பால் 200 மி.லி., முளைகட்டிய கேழ்வரகு மாவு 20 கிராம், சர்க்கரை இரண்டு தேக்கரண்டி, எண்ணெய் ஒரு தேக்கரண்டி. ஏறக்குறைய 275 கலோரி. சாதாரணக் கேழ்வரகு மாவு ஆறியதும் களியாகிக் குழாயை அடைக்கும். முளைகட்டியதில் உருவாகும் என்சைம் மாவுச்சத்தை உடைத்துவிடுவதால் அது நீர்த்தே இருக்கும். நன்றாக வேகவைத்து, டீ வடிகட்டியில் ஒரு தடவை, மெல்லிய துணியில் ஒரு தடவை வடிகட்டுங்கள். நீரிழிவு உள்ளவருக்குச் சர்க்கரையை விட்டுவிட்டு, அளவை உணவியல் நிபுணரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கேழ்வரகு ஒரு வேளை, வேகவைத்துக் கடைந்த பருப்பும் சாதமும் ஒரு வேளை, வறுத்த பொட்டுக்கடலை மாவில் காய்ச்சியது ஒரு வேளை என்று மாற்றிக் கொடுக்கலாம். பச்சை முட்டையைக் கலக்கக் கூடாது.

கொடுக்கும் முறையில்தான் உயிர் இருக்கிறது. மூக்கருகில் குழாயில் போட்ட குறி இடம் மாறியிருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள். மாறியிருந்தால் எதுவும் ஊற்றாதீர்கள். நோயாளியை உட்காரவையுங்கள், முடியாவிட்டால் தலையணை அடுக்கித் தலைப்பக்கத்தைப் பாதியாவது உயர்த்துங்கள். கையைக் கழுவி, முதலில் 30 மி.லி. வெந்நீர் ஆற்றியது. பிறகு 50 மி.லி. சிரிஞ்சின் உள்தண்டை எடுத்துவிட்டு வெறும் குழலைப் பொருத்தி, குழாயை விரலால் மடக்கிப் பிடித்துக்கொண்டு கஞ்சியை ஊற்றி, விரலைத் தளர்த்துங்கள். கஞ்சி தன் எடையில் இறங்க வேண்டும், அழுத்தித் தள்ளக் கூடாது. 250 மி.லி. இறங்கப் பதினைந்து இருபது நிமிடம் ஆகட்டும். குழல் காலியாவதற்குள் அடுத்ததை ஊற்றினால் காற்றுப் புகாது, வயிறு உப்பாது. கடைசியில் மறுபடி 30 மி.லி. தண்ணீர். அதன் பிறகு ஒரு மணி நேரம் படுக்கவிடாதீர்கள். நடுவில் இருமல் வந்தாலோ முகம் நீலமானாலோ உடனே நிறுத்த வேண்டும்.

மாத்திரையை ஒவ்வொன்றாகத் தனித்தனியே பொடித்து, தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். எல்லாவற்றையும் கஞ்சியில் கலந்தால் அடைப்பு நிச்சயம். அடைத்துக்கொண்டால் இளஞ்சூட்டுத் தண்ணீர் 20 மி.லி. ஏற்றி, மெதுவாகத் தள்ளியும் இழுத்தும் பத்து நிமிடம் முயலலாம். கம்பியோ குச்சியோ விடக் கூடாது. குழாய் வெளியே வந்துவிட்டால் நீங்களே செருகாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள்.

வாய் திறக்கும் பயிற்சி

நோயாளியின் மூன்று விரல் நிமிர்த்தி வைத்து வாய்க்குள் போகிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். இரண்டு விரல்தான் போகிறது என்றால் தாடைத் தசை இறுகத் தொடங்கிவிட்டது. இறுகி முடிந்த பிறகு திறப்பது மிகக் கடினம். அதற்கு மெஷின் வாங்க வேண்டாம், தட்டையான மரத்தாலான ஐஸ் குச்சிகள் போதும். கழுவி, வெயிலில் காயவைத்து, வலிக்காமல் பற்களுக்கு நடுவே நுழையும் அளவுக்கு அடுக்கி ரப்பர் பேண்ட் போடுங்கள். பத்துக் குச்சி நுழைகிறது என்றால் நடுவில் பதினொன்றாவதை மெதுவாகச் செருகி, முப்பது எண்ணும் வரை வைத்திருந்து எடுங்கள். இப்படி ஐந்து தடவை, நாளுக்கு மூன்று நாலு வேளை. இழுப்பு தெரியலாம், குத்தும் வலி கூடாது. இரண்டு மூன்று நாளுக்கு ஒரு குச்சி கூடினால் நல்ல முன்னேற்றம். அறுவை சிகிச்சை நடந்திருந்தால் சர்ஜன் சொன்ன பிறகுதான் தொடங்கணும். ஆடும் பல் இருந்தால் இந்த முறை வேண்டாம். கரண்ட் முடிந்த பிறகும் ஒரு வருஷமாவது தொடர வேண்டும், ஏனென்றால் தசை நார் இறுகுவது அதற்குப் பிறகும் நடக்கும்.

கழுத்துத் தோலுக்குச் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். தண்ணீரால் கழுவி ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். மஞ்சள், பவுடர், ஐஸ் ஒத்தடம், சவரக் கத்தி வேண்டாம். மெஷினுக்குப் போட்ட மைக்குறி அழிந்தால் நீங்களாக வரைய வேண்டாம். காலர் இல்லாத பழைய பருத்திச் சட்டை போதும்.

வெளியே திறந்த புண், வாடை, ரத்தம்

நோய் முற்றிக் கன்னத்திலோ கழுத்திலோ புண் திறந்துகொண்டால் குடும்பம் மிகவும் ஒடிந்துபோகிறது. வாடையால் நோயாளி தானே ஒதுங்கிக்கொள்கிறார். ஆனால் இந்த வாடையைக் குறைக்க முடியும். அதைக் கிளப்புவது காற்றில்லாத இடத்தில் வளரும் கிருமிகள், அவற்றைக் கொல்லும் மருந்து மிக மலிவு.

பழைய பருத்தி வேட்டியை உள்ளங்கை அளவுத் துண்டுகளாகக் கிழித்து நாலாக மடித்து, மூடியுள்ள பாத்திரத்தில் போட்டுக் குக்கரில் அரை மணி நேரம் ஆவியில் வேகவையுங்கள். அது காஸுக்குச் சமம். அரை லிட்டர் கொதித்த தண்ணீரில் தலைதட்டிய முக்கால் தேக்கரண்டி உப்பு, ஆறவிடுங்கள். கட்டு மாற்றுவதற்கு அரை மணி முன்பே கூடுதல் வலி மருந்து கொடுக்கலாமா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பழைய கட்டை உப்புநீரால் பத்து நிமிடம் ஊறவிட்டால் பிய்க்காமல் கழன்று வரும். பிய்த்தால் ரத்தம் வரும். உப்புநீரை ஊற்றியே கழுவுங்கள், தேய்க்க வேண்டாம். ஹைட்ரஜன் பெராக்சைடும் டெட்டாலும் கூடாது. பிறகு மெட்ரோனிடசோல் மாத்திரையை மாவாகப் பொடித்து, டாக்டர் சொன்ன அளவில் புண்மேல் தூவுங்கள். வாஸ்லின் தடவிய காஸ் ஒன்று, அதன்மேல் துணி, தளர்வான கட்டு. இரண்டு மூன்று நாளில் வாடை குறையத் தொடங்கும். ஊதுவத்தியும் ரூம் ஸ்பிரேயும் வாடையோடு கலந்து குமட்டலைத்தான் கூட்டும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பகலிலும் கொசுவலை கட்டுங்கள். ஈ உட்கார்ந்தால் புழு வைக்கும். புழு தெரிந்தால் நர்ஸை அழையுங்கள், டர்பன்டைன் எண்ணெய் வைத்து எடுத்துவிடுவார்கள். இதில் யாருடைய அசுத்தமும் இல்லை, யாரும் வெட்கப்பட வேண்டாம்.

ரத்தம் கசிந்தால் நனைந்த துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள், நடுநடுவே எடுத்துப் பார்க்காதீர்கள். கழுத்தின் பெரிய ரத்தக்குழாய் அருகே புண் இருந்தால் ஒருநாள் அதிகமாகப் பீறிட வாய்ப்பு உண்டு. அப்படி நடந்தால் என்ன செய்வது என்பதை டாக்டரிடம் முன்பே பேசிவிடுங்கள். கரும்பச்சை, கருநீலம், அரக்கு நிறத்தில் இரண்டு தடித்த துண்டுகளைப் படுக்கைக்குப் பக்கத்தில் வையுங்கள். வெள்ளைத் துணியில் ரத்தம் பல மடங்காகத் தெரிந்து எல்லோரையும் கலங்கடிக்கும்.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவை

கீமோ நடக்கும் நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டால், அது ராத்திரி 1 மணியானாலும் சரி, போக வேண்டும். கீமோவுக்குப் பின் 7 முதல் 14 நாள் வரை வெள்ளையணுக்கள் மிகக் குறைந்திருக்கலாம், கிருமி சில மணி நேரத்தில் உடம்பெங்கும் பரவிவிடும். வெப்பமானியில் பார்த்து எழுதும் முன் பாராசிட்டமால் கொடுத்துக் காய்ச்சலை மறைக்காதீர்கள். வழக்கமாக வலிக்கு அதைக் கொடுத்துவந்தால், ஒவ்வொரு வேளைக்கும் முன்னால் காய்ச்சல் பாருங்கள்.

மூச்சு விடும்போது விசில்போல் சத்தம், ஒரு நாள் முழுதும் தண்ணீர்கூட இறங்காதது, சிறுநீர் மிகக் குறைவது, திடீர்க் குழப்பம், நிற்காத ரத்தம் இவையும் அப்படியே. சிஸ்பிளாட்டின் போட்ட பிறகு காதில் இரைச்சலோ விரல் மரமரப்போ வந்தால் அடுத்த ஊசிக்கு முன் சொல்லியாக வேண்டும்.

பேச்சும் மனமும்

பேச முடியாதவருக்கு ஒரு சிலேட்டோ வெள்ளைப் பலகையோ கொடுங்கள், எழுதப் படிக்கத் தெரியாதவருக்குத் தண்ணீர், வலி, கக்கூஸ், உட்காரவை, மின்விசிறி என்று படம் வரைந்த அட்டை. அவர் எழுதி முடிக்கும் வரை காத்திருங்கள். டாக்டர் அறையிலும் அவரிடம் கேட்கச் சொல்லுங்கள், அவர் தலைக்கு மேலே நீங்கள் பேச வேண்டாம். புற்றுநோய் ஒட்டாது. தனித் தட்டு, தனி டம்ளர் வைப்பது அவரைக் கொல்லாமல் கொல்வது. பேரப்பிள்ளைகள் மடியில் உட்காரட்டும், சளி காய்ச்சல் உள்ள பிள்ளை மட்டும் தள்ளி இருக்கட்டும்.

‘புகையிலை போட்டதாலதானே’ என்று கேட்க வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்திவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மை, யாரோடும் பழகாமல் சுவரைப் பார்த்துப் படுப்பது, ‘என்னை விட்டுடுங்க’ என்று அடிக்கடி சொல்வது இருந்தால் மனநல மருத்துவரைக் கேளுங்கள். அந்தச் சமயத்தில் மாத்திரைப் பெட்டியின் சாவி உங்கள் கையில் இருக்கட்டும். இரவுக் காவலை இரண்டு பேர் மாற்றிப் பாருங்கள். ஒருவரே ஆறு வாரம் விழித்தால் ஏழாவது வாரம் மருந்தைத் தப்பாகக் கொடுப்பார்.

பணமும் தாளும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை. வருமானச் சான்றும் ரேஷன் கார்டும் முதல் வாரமே தயாராகட்டும். ரயிலில் சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் முழுச் சலுகை, உடன் போகும் ஒருவருக்கும் முக்கால் பங்கு சலுகை உண்டு. ஆஸ்பத்திரியில் அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் படுக்கையில் இருப்பவருக்கு வீட்டுக்கே வரும் ஆதரவு சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் அடங்கும். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள்.

கடைசி கரண்ட் முடிந்த நாளில் டிஸ்சார்ஜ் தாளோடு இரண்டு விஷயத்தைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: மார்ஃபினை எந்தெந்த நாளில் எவ்வளவு குறைப்பது, தைராய்டு ரத்தப் பரிசோதனை எப்போது. கழுத்தில் கதிர்வீச்சு பட்டவருக்கு மாதங்கள், வருஷங்கள் கழித்துக்கூடத் தைராய்டு குறையும். ஆறு மாதம் முதல் ஒரு வருஷத்துக்கு ஒரு தடவை டி.எஸ்.எச். பார்க்க வேண்டும். ‘நோய் போச்சு, ஆனா ஆள் எப்பவும் சோர்ந்தே கிடக்கிறார்’ என்றால் முதலில் இந்த ஒரு பரிசோதனையைக் கேளுங்கள்.